வீட்டுக்கு வீடு ரவிவர்மா படம்... அவர் மனைவி பகீரதியைத் தெரியுமா?

சென்னிமலைப் பக்கம் பழைய தறிக்கூடங்களில் ஒரு சாமி படத்தை அடிக்கடி பார்க்கலாம். தாமரை மேல் நிற்கும் லட்சுமி, பக்கத்தில் மாலையைத் தூக்கிப் பிடித்திருக்கும் யானை. இல்லைன்னா வெள்ளைப் புடவையில் வீணையோடு உட்கார்ந்திருக்கும் சரஸ்வதி, காலடியில் மயில். படம் மங்கிப்போயிருக்கும், சட்டத்தின் ஓரத்தில் குங்குமம் காய்ந்திருக்கும். அதை வரைந்தவர் யாருன்னு கேட்டா பாதிப் பேருக்கு மேல் ரவிவர்மா என்று சொல்லிவிடுவார்கள்.

அவருடைய மனைவி பேரு? அது யாருக்கும் தெரியாது. இதே சென்னிமலையில் பிறந்த கொடிகாத்த குமரனைத் தெரிந்த எத்தனை பேருக்கு அவர் மனைவி ராமாயியைத் தெரியும் என்று யோசித்தால், இது ரவிவர்மா வீட்டில் மட்டும் நடந்த சங்கதி இல்லைன்னு புரியும்.

ஆனா பகீரதி விஷயத்தில் ஒரு வித்தியாசம் உண்டு. திருவிதாங்கூர் அரச வம்சம் அறுந்துபோகாமல் தொடர்ந்ததே இவர் பெற்ற மகள்கள் வழியாகத்தான். அந்த வம்சத்தில் வந்த ஒரு பேத்திக்கும், ஈரோட்டிலிருந்து வைக்கத்துக்குப் போன பெரியாருக்கும்கூட ஒரு தொடர்பு இருக்கு. அதைப் பிறகு பார்ப்போம். முதலில் ஓவியரிடமிருந்து தொடங்குவோம்.

யார் இந்த ரவிவர்மா?

1848 ஏப்ரல் 29-ம் தேதி, திருவனந்தபுரத்துக்கு வடக்கே உள்ள கிளிமானூர் அரண்மனையில் பிறந்தார். பேருக்குத்தான் அரண்மனை. நாடாளும் குடும்பம் அல்ல. திருவிதாங்கூர் ராணிகளுக்கு மாப்பிள்ளை கொடுக்கும் கோயில் தம்புரான் குடும்பங்களில் ஒன்று. அம்மா உமயாம்பா தம்புராட்டி கவிதை எழுதுபவர். அப்பா நீலகண்டன் பட்டதிரிப்பாடு சமஸ்கிருத பண்டிதர். தாய்மாமா ராஜராஜவர்மா ஓவியர். சுவரில் கரியால் கிறுக்கிக் கொண்டிருந்த பையனுக்குக் கை நன்றாக வருகிறதே என்று கண்டுபிடித்து, முதலில் சொல்லிக்கொடுத்தது இந்த மாமாதான்.

14 வயதில் பையனை மாமா திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப் போய் ஆயில்யம் திருநாள் மகாராஜாவிடம் அறிமுகப்படுத்தினார். அங்கேயே தங்கிப் படிக்கச் சொன்னார் மகாராஜா. எண்ணெய் வண்ணம் அப்போது புதுசு, தொழில் ரகசியம் மாதிரி. அரண்மனையில் இருந்த தமிழ் ஓவியர் ராமசாமி நாயக்கர் அதைச் சொல்லித்தர மறுத்ததாகவும், அவரிடம் வேலை பார்த்த ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாக வந்து சொல்லிக்கொடுத்ததாகவும் ஒரு செய்தி உண்டு. 1868-ல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தார். அவரும் பாடம் எடுக்கவில்லை. வேணும்னா நின்னு வேடிக்கை பார்த்துக்கோ என்கிற அளவில் விட்டார். பார்த்துப் பார்த்துத்தான் மீதியைக் கற்றுக்கொண்டார் ரவிவர்மா.

இந்தக் காலகட்டத்தில், அதாவது 1866-ல், அவருக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளைக்கு 18 வயது. பெண்ணுக்கு 12.

பூரட்டாதி நாள் பகீரதி

பெண் மாவேலிக்கரை அரச குடும்பத்தைச் சேர்ந்தவர். முழுப்பெயர் பூருருட்டாதி நாள் பகீரதி தம்புராட்டி. பூருருட்டாதி என்றால் நம்ம ஊர் பூரட்டாதி நட்சத்திரம். ஆயில்யம் திருநாள், விசாகம் திருநாள், மூலம் திருநாள் என்று மகாராஜாக்களின் பேரும் பிறந்த நட்சத்திரத்தோடுதான் தொடங்கும். வீட்டில் கொச்சுப்பங்கி என்று கூப்பிடுவார்கள்.

மாவேலிக்கரைக் குடும்பம் வடக்கே கண்ணூர்ப் பக்கம் கோலத்துநாட்டிலிருந்து, திப்பு சுல்தான் படையெடுப்புக் காலத்தில் தெற்கே வந்து குடியேறிய கிளை. திருவிதாங்கூர் அரச வம்சத்தில் பெண் வாரிசு இல்லாமல் போனால், கோலத்துநாட்டு வழியில் வந்த குடும்பத்திலிருந்து பெண்களைத் தத்தெடுப்பது வழக்கம். 1857-ல் அப்படித்தான் பகீரதியின் அக்காமார் இரண்டு பேர், லட்சுமிபாயும் பார்வதிபாயும், தத்துப்போய் ராணிகள் ஆனார்கள். கடைசித் தங்கை பகீரதி மாவேலிக்கரையிலேயே இருந்தார். ஆக, ரவிவர்மா கட்டியது ராணிகளின் தங்கையை. அரண்மனையில் அவர் கௌரவம் ஒரேயடியாக உயர்ந்ததற்கு அவர் தூரிகையோடு இந்தக் கல்யாணமும் ஒரு காரணம்.

அம்மா வழி என்றால் என்ன?

இங்கே ஒரு விஷயத்தை விளக்கிவிட வேண்டும். இல்லைன்னா மேற்கொண்டு எதுவும் புரியாது.

கொங்கு நாட்டில் ஒருவர் என்ன கூட்டம்னு கேட்டா, அப்பாவின் கூட்டத்தைத்தான் சொல்வார். பெண் கல்யாணமானதும் புருஷன் வீட்டுக்குப் போய்விடுவாள். கேரளத்தில் நாயர்கள், அரச குடும்பங்கள் உட்படப் பல சமூகங்களில் அன்று இருந்தது மருமக்கத்தாயம். அதில் குடும்பம் என்பது அம்மா, அம்மாவின் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, அவர்கள் பிள்ளைகள். பெண் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுக்காரிதான். கணவன் வந்து போகிறவர். பிள்ளைகள் அம்மா குடும்பத்தின் பேரில்தான் வளர்வார்கள். மகாராஜாவின் மகன் மகாராஜா ஆக முடியாது. அவர் அக்கா தங்கை பெற்ற மகன்தான் அடுத்த மகாராஜா.

இதை அப்படியே ரவிவர்மா வீட்டுக்குப் பொருத்திப் பாருங்க. அவர் கிளிமானூர்க்காரர். மனைவியும் ஐந்து பிள்ளைகளும் மாவேலிக்கரைக்காரர்கள். ரவிவர்மா தன் பிள்ளைகளுக்கு அப்பாதான், ஆனால் அவர்கள் குடும்பத்தின் ஆள் இல்லை. இந்தியாவின் முக்கால்வாசி வீட்டுச் சுவரில் இடம் பிடித்தவருக்குத் தன் பிள்ளைகளின் வீட்டில் விருந்தாளியின் இடம்தான்.

வீட்டுக்காரர் ஊர் ஊராய்

1870-ல் மூகாம்பிகை கோயிலில் 41 நாள் விரதம் இருந்துவிட்டுத் திரும்பியவர், கோழிக்கோட்டில் ஒரு நீதிபதி குடும்பத்தை வரைந்தார். காசு வாங்கிக்கொண்டு வரைந்த முதல் படம் அது. அதன் பிறகு வேகம்தான்.

1873-ல் சென்னையில் நடந்த ஓவியக் கண்காட்சிக்கு ஒரு படம் அனுப்பினார். கூந்தலில் மல்லிகைச் சரம் சூடும் நாயர் பெண். கவர்னரின் தங்கப் பதக்கம் கிடைத்தது. அதே படம் வியன்னா சர்வதேசக் கண்காட்சிக்கும் போய் பாராட்டு வாங்கியது. அடுத்த ஆண்டு ஒரு தமிழ்ப் பெண் இசைக்கருவி மீட்டும் படம், சென்னையில் மறுபடியும் பரிசு. 1876-ல் துஷ்யந்தனுக்குக் கடிதம் எழுதும் சகுந்தலை. இதை அப்போதைய சென்னை கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவே விலைக்கு வாங்கிக்கொண்டார். ரவிவர்மா என்ற பெயரை முதலில் பெரிசாக்கியது சென்னைக் கண்காட்சிகள்தான் என்பதை நம்ம ஊர்க்காரங்க கொஞ்சம் பெருமையாவே சொல்லிக்கலாம்.

அதே 1876-ல்தான் மூத்த மகன் கேரளவர்மா பிறந்தான். 1879-ல் அடுத்த மகன் ராமவர்மா. மகாபிரபா, உமா உள்பட மூன்று மகள்கள். பதக்கம் வாங்கிய ஆண்டுகளும் பகீரதி பிள்ளை பெற்று வளர்த்த ஆண்டுகளும் ஒன்றுதான்.

1880-ல் ஆயில்யம் திருநாள் இறந்தார். அடுத்து வந்த விசாகம் திருநாளுக்கும் ரவிவர்மாவுக்கும் ஒத்துப்போகவில்லை. அடுத்த ஆண்டே பரோடாவிலிருந்து அழைப்பு. முன்பு திருவிதாங்கூரில் திவானாக இருந்த தஞ்சாவூர் மராத்தியர் டி. மாதவராவ் அப்போது பரோடாவில் திவான். மூன்றாம் சாயாஜிராவ் பட்டமேற்கும் விழாவுக்குப் படம் வரைய ரவிவர்மாவைக் கூப்பிட்டது அவர் ஏற்பாடு. 1888-ல் ஊட்டியில் சாயாஜிராவை மறுபடி சந்தித்தார். ராமாயண, மகாபாரதக் காட்சிகளை வைத்து 14 பெரிய படங்கள் வேண்டும் என்று கேட்டார் மன்னர். சீதைக்கும் தமயந்திக்கும் என்ன உடை, என்ன நகை என்று முடிவு செய்ய வட இந்தியா முழுக்கச் சுற்றினார் ரவிவர்மா. கூடவே போனது மனைவி இல்லை, தம்பி சி. ராஜராஜவர்மா. இவரும் நல்ல ஓவியர், அண்ணனின் கணக்கு வழக்கு, பயணம், பேரம் எல்லாம் பார்த்துக்கொண்டவர். தங்கை மங்களாபாயும் வரைவார். கிளிமானூர் வீட்டிலேயே இருந்து வரைந்த அவரைப் பற்றி அதிகம் பேர் பேசுவதில்லை.

சிறைக்குப் போன கணவனை விடாத அக்கா

பகீரதி எப்படிப்பட்டவர் என்று நேரடியாகச் சொல்லும் செய்திகள் குறைவு. ஆனால் அவர் பிறந்த வீட்டுப் பெண்கள் எப்படிப்பட்டவர்கள் என்பதற்கு அக்கா லட்சுமிபாய் சாட்சி.

லட்சுமிபாயின் கணவர் கேரளவர்மா வலிய கோயில் தம்புரான். காளிதாசனின் சாகுந்தலத்தை மலையாளத்தில் மொழிபெயர்த்த பெரிய புலவர். 1875-ல் ஆயில்யம் திருநாள் மகாராஜா இவர்மேல் கோபப்பட்டு சிறை வைத்தார். ஐந்து வருஷம், மகாராஜா இறக்கும் வரை காவல்தான். மருமக்கத்தாயத்தில் ஒரு பெண் கணவனை விட்டுவிட்டு வேறொருவரை ஏற்றுக்கொள்வதில் பெரிய தடை கிடையாது. ராணியையும் அப்படிச் செய்யச் சொல்லி நெருக்கினார்கள். முடியாது என்றுவிட்டார். 1880-ல் கணவர் வெளியே வரும் வரை காத்திருந்தார். இந்த உறுதிக்காகவே அவருக்கு விக்டோரியா மகாராணியிடமிருந்து பட்டம் வந்தது.

தங்கை வீட்டுக்காரருக்கு அந்த மகாராஜாவின் அரண்மனையில்தான் பிழைப்பு. அக்கா வீட்டுக்காரர் அதே மகாராஜாவின் சிறையில். இந்த ஐந்து வருஷமும் மாவேலிக்கரை வீட்டில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள்? எந்தப் படத்திலும் அது இல்லை.

பகீரதி பார்க்காத படங்கள்

1891-ல் பகீரதி இறந்துபோனார். 40 வயதைக்கூடத் தொடவில்லை. ரவிவர்மாவுக்கு அப்போது 43. வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை.

இந்தத் தேதியை வைத்துக்கொண்டு அவர் வாழ்க்கையைத் திருப்பிப் பார்த்தால் ஒன்று புரியும். 1893-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு 10 படங்கள் அனுப்பிப் பதக்கம் வாங்கினார். விவேகானந்தர் பேசினாரே, அதே சிகாகோ, அதே ஆண்டு. 1894-ல் மும்பையில் அச்சகம் தொடங்கினார். ஜெர்மனியிலிருந்து இயந்திரம், தொழில்நுட்பம் தெரிந்த ஆட்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று வரிசையாக அச்சடித்து, எண்ணெய் ஓவியம் மாதிரியே தெரியும் படங்களை மலிவு விலைக்குக் கொண்டுவந்தார்கள். கோயிலுக்குள் நுழைய அனுமதி இல்லாதவர்கள் வீட்டுக்குள்ளும் சாமி வந்து உட்கார்ந்தது அப்போதுதான். நாம் ரவிவர்மா என்று சொல்லும் அத்தனையும், தறிக்கூடத்து லட்சுமி உட்பட, பகீரதி இறந்த பிறகு அச்சாகி வந்தவை. இவர் கணவர் இந்தியா முழுக்க வீட்டுச் சாமான் ஆனதை இவர் பார்க்கவே இல்லை.

தம்பி ராஜராஜவர்மா நாட்குறிப்பு எழுதும் பழக்கம் உள்ளவர். எந்த ஊரில் தங்கினோம், யாரை வரைந்தோம் என்று எல்லாம் அதில் இருக்கும். ரவிவர்மாவின் அன்றாடத்தை அறிய அதுதான் பெரிய ஆதாரம். அதில் நமக்குக் கிடைத்திருக்கும் பகுதியும் பகீரதி காலத்துக்குப் பிந்தையது. அவர் வரலாற்றில் மங்கலாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்பா வர்றார்

1893-ல் ரவிவர்மா வரைந்த ஒரு படம் இருக்கு. தலைப்பைத் தமிழில் சொன்னால், அதோ அப்பா வர்றார். முண்டு உடுத்திய ஒரு இளம்பெண் இடுப்பில் குழந்தையை வைத்துக்கொண்டு நிற்கிறாள். காலடியில் ஒரு நாய். குழந்தைக்கு ஒரு பக்கமாகக் கைகாட்டுகிறாள். வரும் அப்பா படத்தில் இல்லை. சட்டத்துக்கு வெளியே எங்கேயோ இருக்கார்.

அந்தப் பெண் வேறு யாருமில்லை, ரவிவர்மா - பகீரதி தம்பதியின் மூத்த மகள் மகாபிரபா. குழந்தை அவருடைய மகன். அம்மா இறந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

கலை விமர்சகர்கள் இந்தப் படத்தை நிறைய அலசியிருக்கிறார்கள். அம்மா வழிக் குடும்பத்தில் அப்பா மையம் இல்லை. ஆனால் படத்தின் தலைப்பே அப்பாதான். அப்பா, அம்மா, பிள்ளை என்ற புது மாதிரிக் குடும்பம் கேரளத்தில் தலைகாட்டத் தொடங்கியதன் அடையாளம் இது என்பார்கள். அது சரிதான். எனக்கு இன்னொன்றும் தோன்றுகிறது. மகள் நிற்கும் இடத்தில் நின்று, பிள்ளைகளுக்கு வாசலைக் கைகாட்டியபடி எத்தனை வருஷம் காத்திருந்திருப்பார் பகீரதி? பரவலாகப் பேசப்படும் ரவிவர்மா படங்களில் மகள் உண்டு, பேரன் உண்டு, மனைவியின் அக்கா ராணி லட்சுமிபாய் உண்டு. பகீரதி படம் என்று யாரும் சுட்டிக்காட்டி நான் பார்த்ததில்லை.

ராஜா பட்டம் வந்த கதை

அச்சகம் பேர் வாங்கித் தந்த அளவுக்குப் பணம் தரவில்லை. கடன் சேர்ந்தது. லோனாவாலா அருகே மளவலிக்கு அச்சகத்தை மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் அங்கே வேலை பார்த்த ஜெர்மானியர் பிரிட்ஸ் ஷ்லைஷரிடமே விற்றுவிட்டார்கள்.

1904-ல் ஆங்கில அரசு கைசர்-இ-ஹிந்த் தங்கப் பதக்கம் கொடுத்தது. அந்த அறிவிப்பில்தான் ராஜா ரவிவர்மா என்று போட்டிருந்தார்கள். நாடில்லாத ஒருவரை ராஜா என்பதா என்று திருவிதாங்கூர் மூலம் திருநாள் மகாராஜாவுக்கு வருத்தம். ஆனா பேர் ஒட்டிக்கிச்சு.

1905 தொடக்கத்தில் தம்பி ராஜராஜவர்மா காலமானார். நிழல் மாதிரி கூடவே இருந்தவர். அதன் பிறகு ரவிவர்மாவும் ரொம்ப நாள் இல்லை. 1906 அக்டோபர் 2-ம் தேதி, பிறந்த கிளிமானூரிலேயே, 58 வயதில் இறந்தார். 1912-ல் மூத்த மகன் கேரளவர்மா துறவு மனநிலையில் வீட்டை விட்டுப் போனவர், திரும்பவே இல்லை.

பேத்திகள் என்ன ஆனார்கள்? பெரியார் எங்கே வருகிறார்?

1900-ல் திருவிதாங்கூர் அரச குடும்பத்தில் மறுபடியும் பெண் வாரிசு இல்லாத நிலை. மூத்த ராணி லட்சுமிபாய் வெளியே எங்கும் தேடவில்லை. இறந்துபோன தங்கை பகீரதியின் இரண்டு பேத்திகளைத் தத்தெடுத்தார். மகாபிரபாவின் மகள் சேது லட்சுமிபாய், உமாவின் மகள் சேது பார்வதிபாய். இரண்டும் பள்ளிக்கூடம் போகிற வயசுகூட ஆகாத குழந்தைகள்.

கவனிங்க. இவர்கள் தத்துப்போனது ரவிவர்மாவின் பேத்திகள் என்பதற்காக இல்லை. பகீரதியின் பேத்திகள், மாவேலிக்கரைப் பெண் வழி என்பதற்காக. அம்மா வழிக் கணக்கில் உலகப் புகழ்பெற்ற தாத்தாவுக்கு மதிப்பெண் கிடையாது.

1924-ல் வைக்கம் போராட்டம். மகாதேவர் கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் ஈழவர்களும் தலித் மக்களும் நடக்கக் கூடாது என்ற தடையை எதிர்த்து நடந்தது. தலைவர்கள் வரிசையாகக் கைதானபோது ஈரோட்டிலிருந்து பெரியார் போனார். சிறை வைக்கப்பட்டார். வெளியே வந்து மறுபடி பேசி மறுபடி சிறை. மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் போய்ப் பெண்களைத் திரட்டினார்கள். அந்த ஆகஸ்டில் மூலம் திருநாள் மகாராஜா இறந்தார். அடுத்த வாரிசு சித்திரைத் திருநாள் 11 வயதுப் பையன். அதனால் அரசுப் பொறுப்பை ஏற்றவர் சேது லட்சுமிபாய். பொறுப்புக்கு வந்த கையோடு வைக்கம் கைதிகள் விடுதலை செய்யப்பட்டார்கள். 1925-ல் காந்தி வந்து இவரைச் சந்தித்துப் பேசினார். அந்த ஆண்டு இறுதியில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் கிழக்குப் பக்கம் தவிர மற்றவை எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. முழு வெற்றி இல்லைதான். ஆனாலும் அடைத்து வைத்திருந்த தெருவில் ஆட்கள் நடந்தார்கள்.

அதே 1925-ல் இவர் ஆட்சியில் வந்த நாயர் சட்டம், கூட்டுக் குடும்பச் சொத்தைப் பிரித்துக்கொள்ள வழி செய்து, நாயர்களின் அம்மா வழிமுறை முடிவுக்கு வரக் காரணமானது. அம்மா வழியாலேயே ராணியானவரின் கையெழுத்தில் அது நடந்தது.

சேது பார்வதிபாயின் மகன்தான் அந்த 11 வயதுப் பையன், சித்திரைத் திருநாள். 1936 நவம்பர் 12-ம் தேதி, அரசுக் கட்டுப்பாட்டில் உள்ள கோயில்களை எல்லா இந்துக்களுக்கும் திறந்துவிட்ட ஆணை அவர் பேரில் வந்தது. பகீரதிக்குக் கொள்ளுப்பேரன்.

சினிமாவில் பகீரதி?

இந்தியில் கேதன் மேத்தா எடுத்த ரங் ரசியா, மலையாளத்தில் சந்தோஷ் சிவன் ரவிவர்மாவாக நடித்த மகரமஞ்சு என்று அவர் வாழ்க்கையை வைத்துப் படங்கள் வந்திருக்கு. ரங் ரசியாவின் கதை ரஞ்சித் தேசாய் மராத்தியில் எழுதிய நாவலிலிருந்து வந்தது. ஓவியருக்கு மாடலாக நிற்கும் சுகந்தா என்ற பெண்ணோடு காதல்தான் மையம். பார்க்க அழகா இருக்கும். ஆனா பொதுஜனம் அதையே வரலாறு என்று நம்பிவிட்டது. சுகந்தாவைத் தெரிந்த அளவுக்கு, நிஜமாக வாழ்ந்து ஐந்து பிள்ளை பெற்ற பகீரதியைத் தெரியாமல் போனதில் சினிமாவுக்கும் பங்கு உண்டு.

ஒரிஜினல் படங்களை எங்கே பார்க்கலாம்?

அச்சுப் படத்துக்கும் மூலப் படத்துக்கும் உள்ள தூரம் நேரில் பார்த்தால்தான் தெரியும். பட்டுச் சேலையின் சரிகை, உள்ளங்கையில் விழும் வெளிச்சம் எல்லாம் காலண்டரில் வராது. சென்னிமலையில் இருப்பவர்கள் இதை ஒருநொடியில் பிடித்துவிடுவார்கள், ஜரிகை எங்கே திரும்புது, துணி எப்படி மடங்குதுன்னு தினமும் பார்க்கிற கண்ணு ஆச்சே.

திருவனந்தபுரத்தில் நேப்பியர் அருங்காட்சியக வளாகத்தில் ரவிவர்மாவுக்கென்றே 2023-ல் தனிக் காட்சிக்கூடம் திறந்திருக்கிறார்கள். பரோடாவில் பதேசிங் அருங்காட்சியகம், மைசூரில் ஜகன்மோகன் அரண்மனை ஆகிய இடங்களிலும் நிறைய உண்டு. 1979-லிருந்து ரவிவர்மா படங்கள் தேசியக் கலைப் பொக்கிஷப் பட்டியலில் இருப்பதால் மூலப் படங்களை நாட்டை விட்டு வெளியே விற்க முடியாது.

திருவனந்தபுரம் போவதாக இருந்தால் ஈரோட்டில் ஏறி, கோட்டயம் மார்க்கமாகப் போகும் ரயிலைப் பாருங்கள். ஈங்கூர், திருப்பூர், கோவை, பாலக்காடு தாண்டிப் போகும் அந்த வழியில்தான் மாவேலிக்கரை வருகிறது. அங்கே ராஜா ரவிவர்மா நுண்கலைக் கல்லூரி இருக்கு. மும்பை ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்த இளைய மகன் ராமவர்மா 1915-ல் தொடங்கியது. அப்பா பேரில் உள்ள கல்லூரி கிளிமானூரில் இல்லாமல் மாவேலிக்கரையில் ஏன் இருக்குன்னு கேட்டா, பதில் லேசு. மகனுக்கு அதுதான் வீடு, அம்மாவோட ஊர்.